அறுபதில் நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு: தெப்பக்குளத்திலிருந்து பழநி வரை

திண்டுக்கல்லிலிருந்து பழநி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் தூரத்தை மூன்று நாளில் நடந்தோம். எனக்கு அப்போது 61 வயது, அவருக்கு 66. அதற்கு முன் நான் சேர்ந்தாற்போல் நடந்த அதிகபட்சத் தூரம் எதுவென்றால், ஒரு சித்திரைத் திருவிழா அன்று பஸ் கிடைக்காமல் மதுரை கோரிப்பாளையத்திலிருந்து தெப்பக்குளம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான். நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். அன்று ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நடப்பதோடு சரி, ஆனால் ஒருமுறையாவது பழநிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடந்து போய்விட வேண்டும் என்று மனசுக்குள் இருக்கிறது என்பவர்கள் மேலே படிக்கலாம். பக்தி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கால்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வயதான பிறகு நடக்கத் தொடங்குகிறவர்கள் மூச்சு வாங்குமே என்றுதான் பயப்படுகிறார்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். நாலைந்து வாரத்தில் முன்பு இரைத்த இடத்தில் இரைக்காது. அந்தத் தெம்பில் தூரத்தைக் கூட்டிவிடுவோம், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். தசைநார்களும் குதிகாலுக்கு அடியில் ஓடும் சவ்வும் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவை நடக்கும்போது ஒன்றும் சொல்லாமல் வரும். மறுநாள் காலையில்தான் வாய் திறக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். நடந்த மறுநாள் காலை, கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடி. அந்தப் பத்து அடியும் வழக்கம்போல இருந்தால் நேற்று நடந்த தூரம் உடம்புக்குச் சம்மதம். கொஞ்சம் விறைப்பாக இருந்து, காபி போடுவதற்குள் சரியாகிவிட்டால் இன்னும் ஒரு வாரம் அதே தூரம். குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலித்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்த வேண்டும், அப்புறம் பாதித் தூரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஏழு மாதப் பயிற்சி முழுவதும் இதை வைத்துத்தான் ஓடியது. ஆனால் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் தண்டமாகப் போனது. முதல் மாதக் கடைசியில் உற்சாகம் தாங்காமல் ஒரே நாளில் 12 கிலோமீட்டர் நடந்துவிட்டு, மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனேன்.

டாக்டரிடம் என்ன கேட்பது

"நடக்கலாமா?" என்று கேட்டால் எந்த டாக்டரும் "தாராளமா நடங்க" என்றுதான் சொல்வார். அரை மணி நேர நடையை மனதில் வைத்து அவர் சொல்கிறார். "ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் வீதம் மூன்று நாள் நடக்கப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். பதிலே வேறு மாதிரி வரும். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லலாம், சிலருக்கு டிரெட்மில் பரிசோதனையும் சொல்லலாம். படியேறும்போது நெஞ்சை அடைக்கிறது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுகிறது, மயக்கம் வருகிறது என்பவர்கள் இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை ஷூ வாங்கக்கூடப் போக வேண்டாம்.

சுகர் இருப்பவர்கள் பாதத்தையும் காட்ட வேண்டும். மெல்லிய நைலான் நரம்பு ஒன்றைப் பாதத்தில் ஆங்காங்கே வைத்து அழுத்தி, தொடுகிறது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். என் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். வலது கட்டைவிரல் நுனியில் அவருக்கு உணர்ச்சி குறைவு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வலி தெரியாத காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, நடந்துகொண்டே இருப்பார்கள். அதுதான் ஆபத்து. நடை முடிந்ததும் அவர் பாதத்தை நான் பார்ப்பது அன்று தொடங்கிய பழக்கம். தனியாக இருப்பவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சிலவகைச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நீண்ட நடையில் சுகர் திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு தடுமாறும். உடனே உட்கார்ந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறுங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நீண்ட நடை நாளில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பிரஷர் மாத்திரையில் சிலது சிறுநீரை அதிகம் போகவைக்கும், சிலது இதயத் துடிப்பைக் கட்டிவைக்கும். இரண்டாவது வகை சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக் கணக்கை நம்பக் கூடாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். பேச முடிந்தால் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு முட்டினால் வேகம் அதிகம்.

ஷூ

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் இதுதான், அதிலும் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. நான் முதலில் வாங்கியது காலை பத்து மணிக்கு, கச்சிதமாகப் பொருந்திய ஒரு ஜோடி. "கையுறை மாதிரி இருக்கும்மா" என்றார் கடைக்காரர். அழகர்கோயில் போய், சோலைமலை முருகனைப் பார்த்துவிட்டு நடந்தே இறங்கினேன். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போயின. முழுசாக வளர்ந்து மாற மாதக்கணக்கில் ஆயிற்று.

பொழுது ஏற ஏறப் பாதம் வீங்கும், நடந்தால் இன்னும் வீங்கும். அதனால் ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், முடிந்தால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் போங்கள். எந்தச் சாக்ஸோடு நடக்கப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு நீளமான விரல் கட்டைவிரலுக்கு அடுத்த விரலாகத்தான் இருக்கும், அதைக் கவனியுங்கள். விரல்களை உள்ளே விரித்து அசைக்க முடிய வேண்டும், குதிகால் மட்டும் வழுக்கக் கூடாது. வழக்கமான அளவைவிட ஒரு எண் பெரிதாகத்தான் பெரும்பாலும் வரும். நமக்கெல்லாம் பாதம் முன்பக்கம் அகலம். வாழ்க்கை முழுவதும் செருப்பு போட்ட கால் அப்படித்தான் விரிந்திருக்கும். அதனால் நீளத்தைவிட அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். பெண்களுக்கென்று விற்கும் ஷூக்கள் பல எனக்கு ஒடுக்கமாக இருந்தன. கடைசியில் ஆண்கள் பக்கம் போய் வாங்கினேன். கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பருத்திச் சாக்ஸ் நல்லது என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நீண்ட நடைக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், ஈரத் தோல் உரசினால் கொப்புளம். செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி கலந்த சாக்ஸ் மூன்று ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு யாத்திரை கிளம்பாதீர்கள், குறைந்தது நூறு கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இருப்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு நடந்து பாதம் காய்த்தவர்களால் முடியும். சுகர் இருப்பவர்கள் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. அடிவாரத்தில் கழற்றிவிட்டு மலையை மட்டும் வெறுங்காலோடு ஏறினால் முருகன் கோபித்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் இரண்டு மாதம்

தைப்பூசக் காலத்தில் போவதென்றால் ஆனி மாதத்தில் தொடங்குங்கள். தை வரை ஏழு மாதம் கிடைக்கும். சித்திரை வைகாசி வெயிலில் ஆரம்பித்தால் பத்தாவது நாள் வெறுத்துப்போகும்.

முதல் மாதம் வாரத்துக்கு ஐந்து நாள், 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடம். அவ்வளவே. எங்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வசதி. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். முதல் வாரம் ஒன்று, அப்புறம் ஒன்றரை, மாதக் கடைசியில் இரண்டு சுற்று. உங்கள் ஊரில் ஒரு கண்மாய்க் கரையோ பள்ளி மைதானமோ இருக்கும். சுற்றி வருகிற பாதையில் ஒரு நன்மை, முடியவில்லை என்றால் வீடு பக்கத்திலேயே இருக்கும்.

தினம் 10,000 அடி என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். எண் அங்கிருந்துதான் கிளம்பியது. அறுபது வயதில் நேற்றுவரை 2,500 அடி நடந்தவர் இன்று பத்தாயிரம் நடந்தால் நாளைக் காலை முதல் பத்து அடி என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து நடையோடு இரண்டு வேலைகளைச் சேருங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து தடவை. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, அதுவும் பத்து தடவை. ஒருநாள்விட்டு ஒருநாள் செய்தால் போதும். முட்டிக்குப் பாரம் வராமல் தாங்குவது முன்தொடைத் தசை. அது வலுத்தால் முட்டி தப்பிக்கும். 'மூட்டுத் தேய்மானம்' என்று எழுதிக் கொடுத்த எக்ஸ்ரேயைப் பீரோவில் வைத்துவிட்டு நடப்பையே நிறுத்திவிட்டவர்கள் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர். அளவாக நடப்பது அந்த முட்டிக்கும் நல்லதுதான் என்று என் டாக்டர் சொன்னார். உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நடக்கும்போது எட்டி எட்டி அடிவைக்காதீர்கள். சின்ன அடி, உடம்புக்கு நேர் கீழே. இறக்கத்தில் முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி இன்னும் சின்ன அடி. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் படுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை நடை

மூன்றாம் மாதம் தொடங்கி வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை. மற்ற நாட்களில் பழைய அரை மணி, முக்கால் மணி நேரமே போதும். ஞாயிற்றுக்கிழமை 5 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் ஒருபடி குறையுங்கள். குறைக்கிற வாரத்தில்தான் உடம்பு சேர்த்துக்கொள்கிறது. பலரும் தவிர்ப்பதும் அந்த வாரத்தைத்தான், நன்றாகத்தானே போகிறது என்ற எண்ணத்தில்.

எங்களுக்கு உதவிய ஒரு தந்திரம், டவுன் பஸ். பஸ் ஓடும் சாலையாகப் பார்த்து, போக நடை, வரப் பஸ். திருப்பரங்குன்றம் பக்கம் போனோம், அழகர்கோயில் சாலையில் போனோம். மதுரையிலிருந்து அழகர்கோயில் சுமார் 21 கிலோமீட்டர். ஒரு வாரம் பாதி வழியில் ஏறினோம், அடுத்த மாதம் முக்கால் வழியில் ஏறினோம். எங்கே வேண்டுமானாலும் கை காட்டி ஏறிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால்தான் தூரம் கூடும். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து என்றால் செலவும் கிடையாது. வீட்டுக்காரர் மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு முறைப்பார்.

இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். விடியுமுன் கிளம்பினால் ஒளிரும் பட்டையை முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளுங்கள். நாய் வந்தால் ஓடாதீர்கள், நில்லுங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் அது போதும், ஓங்கத் தேவையில்லை. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்குதான் கதி. வழியில் எது எங்கே இருக்கிறது என்று முதல் தடவை போகும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன், நானே அப்படி நடந்தவள்தான். மத்தியானம் தலைவலியோடு படுத்த பிறகுதான் புரிந்தது.

உடை உங்கள் விருப்பம். எனக்குச் சேலை 8 கிலோமீட்டர் வரை சரியாக இருந்தது. அதற்கு மேல் கொசுவம் காலில் தட்டியது, சுடிதாருக்கு மாறினேன். தொடை உரசுகிறவர்கள், ஆண்களும்தான், கிளம்பும் முன்பே வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். தோல் வழண்ட பிறகு தடவினால் எரியும்.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுத்தால் குடியுங்கள். வயதானால் தாக உணர்வு மந்தமாகும் என்பதால், எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒரு தரம் நாலு மடக்கு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டு போவதும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடையில் உப்புப் போட்ட நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அளவு தட்டிய ஸ்பூனாக இருக்கட்டும், குவித்துப் போடாதீர்கள். சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதையும் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

நடக்கும் காலையில் வயிறு நிறைய இட்லி வேண்டாம். இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் காபி. வழியில் கடலைமிட்டாய். முக்கியமாக, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். யாத்திரை வழிகளில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். வலியை மறைத்துக்கொண்டு நடந்தால் மறுநாள் காலை வர வேண்டிய தகவலும் வராது.

கொப்புளம்

கொப்புளம் திடீரென்று வராது. முதலில் ஓரிடம் சூடாக, எரிச்சலாக இருக்கும். அந்த நிமிடமே நில்லுங்கள். "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அங்கே போய்ச் சேரும்போது கொப்புளம் தயாராக இருக்கும். ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, சூடான இடத்தில் மருந்துக்கடையில் விற்கும் காகிதப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சாக்ஸை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றாட விட்டாலே பாதிக் கொப்புளம் வராது.

வந்துவிட்டால், சின்னதாக இருந்தால் தொடாமல் மூடிவையுங்கள். பெரிதாகி அடிவைக்க முடியவில்லை என்றால் சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே மருந்து வைத்து மூட வேண்டும். சுகர் இருப்பவர்கள் இதைத் தாங்களே செய்யக் கூடாது, அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டாதீர்கள். கிளம்புவதற்கு முதல்நாள் வெட்டாமல் மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

முதல் பரீட்சை: கிரிவலம்

ஞாயிற்றுக்கிழமை நடை 11, 12 கிலோமீட்டரைத் தொட்டதும் திருவண்ணாமலை போய் வாருங்கள். 14 கிலோமீட்டர், ஒன்றிரண்டு சின்ன மேடு பள்ளம் தவிர எல்லாம் சமதரை, வழி நெடுகத் தண்ணீரும் டீயும் கழிப்பறையும் உண்டு. புதிதாக நடப்பவருக்கு இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பௌர்ணமியில் போகாதீர்கள். லட்சக்கணக்கான கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது, உட்காரவும் இடம் கிடைக்காது. சாதாரண ஒரு வாரநாள், விடிகாலை நாலரை மணி, ராஜகோபுரத்திலிருந்து மலையை வலப்பக்கம் வைத்து.

இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் வழியில் வருகின்றன. இந்த அமைப்பை எவர் யோசித்தாரோ, கிழவர்களையும் நினைத்துத்தான் யோசித்திருக்கிறார். நின்று கும்பிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழ, எட்டுச் சாக்கு. ஆதி அண்ணாமலை வரும்போது பாதியைத் தாண்டியிருப்பீர்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், உட்காருவதையும் சேர்த்து நாலரை மணி நேரம் ஆகும். முடியாவிட்டால் ஆட்டோ இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் முதல் கிரிவலத்தில் வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவர் கடலைமிட்டாய் கொடுத்து, கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து முடித்தோம்.

அடுத்தடுத்த நாள்

ஒருநாள் 14 கிலோமீட்டர் நடப்பதும், அடுத்தடுத்து மூன்று நாள் நடப்பதும் ஒரே சங்கதி இல்லை. இரண்டாம் நாள் கால், முதல்நாள் களைப்போடுதான் எழும். அதைப் பழக்கக் கடைசி இரண்டு மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்தோம். முதலில் 8, 8. பிறகு 10, 12. கடைசியாக 15, 15. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தடைப்படும். தடைப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தாவாமல் ஒருபடி கீழே இருந்து தொடருங்கள். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள் பாதிக்குப் பாதி குறைத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நடந்து பயன் ஒன்றுமில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதற்கு எனக்கு வழிகாட்டியவர் காந்தி. 1930 மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து தண்டிக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 60. ஏறக்குறைய 385 கிலோமீட்டரை 24 நாளில் முடித்தார், சராசரி 16 கிலோமீட்டர். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், திங்கட்கிழமைகளில் நடை கிடையாது. அடுத்த மாதமே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு சுமார் 240 கிலோமீட்டர் நடந்த ராஜாஜிக்கு 51 வயது, அவர் எடுத்துக்கொண்டதும் 15 நாள், அதே 16தான். நாங்கள் 20 என்று திட்டம் போட்டது, நாளும் மூன்றுதான் என்பதால். ஆறேழு நாள் நடக்கப்போகிறவர்கள் 16-க்கு மேல் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

திண்டுக்கல் முதல் பழநி வரை

தைப்பூசத்துக்கு முந்தைய மூன்று நாலு நாள் சாலை நிரம்பி வழியும். மார்கழிக் கடைசியிலேயோ தை முதல் வாரத்திலேயோ போய்விட்டால் அன்னதானப் பந்தல்கள் தொடங்கியிருக்கும், கூட்டமும் தாங்கும்படி இருக்கும். குளிரும் நமக்குச் சாதகம். சாலை ஓரத்தில் சில பகுதிகளில் பாதயாத்திரை போகிறவர்களுக்கென்றே நடைபாதை போட்டிருக்கிறார்கள். அது இருக்கும் இடத்தில் தார்ச்சாலைக்கு ஏறாதீர்கள்.

குழுவோடு போவதா, தனியாகவா? குழுவில் சாப்பாடு, சாமான் வண்டி எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இளைஞர்கள் ராத்திரியிலும் நடப்பார்கள், நாற்பது கிலோமீட்டர் போட்டாலும் போடுவார்கள். அவர்களோடு ஒட்டி நடக்கப் பார்த்துத்தான் பெரியவர்கள் கால் முறுக்கிக்கொள்கிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் போனோம், இப்படி:

பாதித் தூரத்தில் இருக்கும் ஊர் ஒட்டன்சத்திரம். அங்கே இரண்டு ராத்திரிக்கு ஒரு லாட்ஜில் அறை சொல்லிவைத்தோம். முதல் நாள் திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் வழியாக 20 கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து பஸ் ஏறி ஒட்டன்சத்திரம். இரண்டாம் நாள் காலை அதே இடத்துக்குப் பஸ்ஸில் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து நடந்து, ஒட்டன்சத்திரத்தைக் கடந்து விருப்பாட்சிப் பக்கம் வரை. மறுபடி பஸ்ஸில் அதே அறைக்கு. மூன்றாம் நாள் விட்ட இடத்துக்குப் பஸ், பிறகு சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழநி. ஓர் அடிகூட நடக்காமல் விடவில்லை. மண்டபத் தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்தோம், வெந்நீரில் காலைக் கழுவினோம், இரண்டாம் நாள் மூட்டையை அறையிலேயே விட்டுவிட்டோம். தரையில் படுத்து எழுந்தால்தான் யாத்திரை என்று ஒரு பெரியவர் வழியில் சொன்னார். அவருக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது போல.

தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் 13, 14 கிலோமீட்டர். பிறகு ஏதாவது பந்தலில் சாப்பாடு, மூன்றரை வரை நிழல். மிச்சம் சாயங்காலம். இருட்டிய பிறகு நடக்கவில்லை.

தோள்பை மூன்று கிலோவுக்கு மேல் போக வேண்டாம். மாற்றுத் துணி ஒன்று, சாக்ஸ், துண்டு, டார்ச், பிளாஸ்திரி, வாஸ்லின், ஓ.ஆர்.எஸ்., மருந்துச் சீட்டின் நகல், மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் மாத்திரை, ஒரு லிட்டர் தண்ணீர். எம்மா கேட்வுட் என்று ஓர் அமெரிக்கப் பாட்டி. 11 பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ல் தம் 67-வது வயதில் அப்பலாச்சியன் மலைப் பாதையின் சுமார் 3,300 கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தார். சாமான் எல்லாம் வீட்டில் தைத்த ஒரு துணிப்பையில், ஒற்றைத் தோளில். கூடாரம்கூடக் கிடையாது. அதைப் படித்த பிறகு நான் பையிலிருந்து எடுத்துப்போட்டது ஒரு பிளாஸ்க், இரண்டு சேலை, முறுக்கு டப்பா. முறுக்கு டப்பாவை வீட்டுக்காரர் மறுபடி வைத்துவிட்டார்.

மலைக்கு ஏறக்குறைய 700 படி. மூன்றாம் நாள் சாயங்காலம் சேர்ந்த சூட்டோடு ஏறாதீர்கள். அன்று ராத்திரி அடிவாரத்தில் தங்கிவிட்டு, காலையில் அந்த முதல் பத்து அடியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் படியில் ஏறினோம், இறங்கும்போது இழுவை ரயிலில் இறங்கினோம். ஏறுவதற்கு மூச்சு போதும், இறங்குவதற்கு முட்டி வேண்டும், அது எங்களிடம் அன்று மிச்சமில்லை.

வீடு திரும்பியதும் ஒரு வாரம் தெப்பக்குளம் ஒரு சுற்று மட்டும். பாதத்தைத் தினமும் பாருங்கள், சில கொப்புளங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஷூவைக் கழுவினால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் அடிப்பாகம் பசை விட்டுவிடும். மாசியில் அழகர்கோயிலுக்கு நடக்க அது வேண்டும்.